சேற்றில் இறங்கிய சேவை

ரிக் வேதத்தின் மூன்றாம் மண்டலத்தில் ஓர் அரிய உரையாடல் இடம்பெற்றுள்ளது. ஒரு தரப்பில் விசுவாமித்திர முனிவர். மறுதரப்பில் இரண்டு நதிகள். பரத குலத்தாருடன் வண்டிகளும் தேர்களுமாக வந்த முனிவர், மலையிலிருந்து பெருகி வரும் விபாசா, சுதுத்ரி என்னும் நதிகளின் கரையில் நிற்கிறார். வெள்ளம் கரைபுரண்டு ஓடுகிறது. தவ வலிமை மிக்க அம்முனிவர் நதிகளுக்குக் கட்டளையிடவில்லை. உடன்பிறந்த சகோதரிகளாகக் கருதி, தேர்கள் கடக்கும் அளவுக்குச் சற்றே தாழ்ந்து ஓடும்படி வேண்டுகிறார். நதிகள் முதலில் தயங்குகின்றன, பிறகு இசைகின்றன. கடந்து சென்ற முனிவரும் நன்றி மறக்கவில்லை. முன்போல் நிறைந்து ஓடுமாறு அவற்றை வாழ்த்திவிட்டே செல்கிறார்.

விபாசா இன்று பியாஸ் எனவும், சுதுத்ரி சட்லஜ் எனவும் வழங்கப்படுகின்றன. பஞ்சாபில் ஹரிக்கே என்னுமிடத்தில் அவை சங்கமிக்கின்றன. அங்கு 1950-களின் தொடக்கத்தில் தடுப்பணை கட்டப்பட்டபோது பரந்த ஈரநிலம் ஒன்று உருவாயிற்று. உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 1990-ஆம் ஆண்டு அது சேர்க்கப்பட்டது. இந்தச் சங்கமத்தை ஒட்டி, சுமார் 160 கிலோமீட்டர் தூரம் ஓடிவரும் சிறிய நதி ஒன்றும் வந்து கலக்கிறது. காலி வேயீன் என்பது அதன் பெயர். ‘கரிய வேயீன்’ என்று பொருள். ஹோஷியார்பூர் மாவட்டத்தில் தசூயாவுக்கு அருகே ஊற்றெடுத்து, கப்பூர்த்தலா, சுல்தான்பூர் லோதி ஆகிய ஊர்களின் வழியாக வருகிறது. தேசப்படத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆயினும் ஆன்மிக வரலாற்றில் அது சிறிய நதியன்று.

குரு நானக் தம் இளமையில் சுல்தான்பூர் லோதிக்கு வந்தார். அவருடைய தமக்கை நானகி அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தார். அவ்வூர் ஆளுநர் தௌலத்கான் லோதியின் தானியக் களஞ்சியத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. தானியம் அளக்கும்போது பதின்மூன்றைக் குறிக்கும் ‘தேரா’ என்ற எண் வந்ததும், ‘உன்னுடையது’ என்ற அச்சொல்லின் மற்றொரு பொருளில் அவர் மனம் கரைந்துவிடுமாம்; அதற்குமேல் எண்ண மாட்டாராம். ஒருநாள் வைகறையில் வேயீன் நதியில் நீராட இறங்கியவர் வெளிவரவில்லை. மூன்று நாட்கள் கழித்து நதியிலிருந்து எழுந்து வந்தார் என்றும், இறைவன் முன் இந்து, முஸ்லிம் என்ற பேதம் கிடையாது என்னும் கருத்தையே முதலில் உரைத்தார் என்றும் சீக்கிய மரபு கூறுகிறது. நாடெங்கும் அவர் மேற்கொண்ட நெடும் பயணங்கள் அதன் பிறகே தொடங்கின. அவர் நீராடிய கரையில் பேர் சாஹிப் குருத்வாரா உள்ளது. ‘பேர்’ என்பது இலந்தை. அவர் நட்டதாகக் கருதப்படும் இலந்தை மரம் இன்றும் அங்கே போற்றப்படுகிறது.

இத்தகைய நதி இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இருந்த நிலையை எழுதவே கை கூசுகிறது. ஆறு நகரங்களும் நாற்பதுக்கு மேற்பட்ட கிராமங்களும் தம் கழிவுநீரை அதில் விட்டுக்கொண்டிருந்தன. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை முற்றிலும் மூடியிருந்தது. சில இடங்களில் நதி வற்றி, அதன் படுகை ஆக்கிரமிக்கப்பட்டு வயலாகியிருந்தது. மேல்பகுதியில் அடைபட்ட நீர் தசூயா வட்டார நிலங்களில் தேங்கிப் பயிரை அழுகச் செய்தது. கீழ்ப்பகுதியிலோ நிலத்தடி நீர் வேகமாக இறங்கியது. குருநாதர் ஞானம் பெற்ற நீர் என்று கரையில் நின்று நெற்றி தரையில் பட வணங்கியவர்கள், அந்நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளத் தயங்கினர்.

வணக்கம் ஒருநாளும் நின்றதில்லை. நதி மட்டும் நின்றுவிட்டது. பக்தி குறைந்ததால் நதிகள் கெட்டன என்று கூறுவது எளிது. ஆனால் வேயீன் நதியைப் பொறுத்தவரை அது பொருந்தாது. கங்கை, யமுனை முதலிய நதிகளைப் பொறுத்தவரையும் பொருந்தாது. பக்தர்களின் எண்ணிக்கை பெருகிய அதே ஆண்டுகளில்தான் இந்நதிகள் சாக்கடைகளாயின. அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது?

புனிதம், தூய்மை என்னும் இரண்டையும் ஒன்றாகக் கருதியதில் நேர்ந்தது. தீர்த்தம் பாவத்தைப் போக்கும் என்று சாஸ்திரம் கூறுகிறது. பாவம் என்பது மனத்தில் படிந்த ஒரு கறை. சிரத்தையுடன் நீராடும்போது அது கரையலாம். சாக்கடை நீர் அப்படிப்பட்டதன்று. அது பருப்பொருள், பொருளுக்குரிய விதிகளே அதற்குப் பொருந்தும். தன் பாவத்தைக் கரைக்க வந்தவன், தன் ஊரின் கழிவையும் அதே நீர் கரைத்துக்கொள்ளும் என்று நம்பினான். ‘புனித நதியை எந்த மாசும் தீண்டாது’ என்ற சொல் நாளடைவில் ஒரு சமாதானமாகிவிட்டது. வாடிய பூமாலையையும், பழைய சுவாமி படத்தையும், பிளாஸ்டிக் பையில் கட்டிய பிரசாத மிச்சத்தையும் பாலத்தின் மேலிருந்து வீசிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்பவரை எந்த ஊரிலும் காணலாம். அவர் நாத்திகர் அல்லர்.

முன்னோர் இவ்வாறு கருதவில்லை. நீரில் மலசலம் கழித்தலும் உமிழ்தலும் கூடாது என்று தைத்திரீய ஆரண்யகம் விலக்குகிறது. நீர் எதனாலும் கெடாதது என்று அந்த ரிஷிகள் எண்ணியிருந்தால் இந்த விதி எதற்கு?

வேதாந்தம் பயின்றவர் சிலர் வேறொரு தடை எழுப்புவதுண்டு. ஆன்மாவை அழுக்கு தீண்டாது, உலகம் தோற்றமே, இதில் துறவிக்குச் சாக்கடையோடு என்ன வேலை? இந்த வாதம் பாரமார்த்திக நிலைக்குரிய உண்மையை எடுத்து வியாவகாரிக நிலையில் பொருத்துகிறது. ஆன்மாவுக்குச் சொன்ன அசங்கத் தன்மையை ஆற்று நீருக்கு ஏற்றிச் சொல்வது சங்கரரின் வேதாந்தம் ஆகாது. வியாவகாரிக உலகில் தாகம் உண்மை, காலராவும் உண்மை. உலகம் தோற்றமே என்று கூறுபவரும் குடிப்பதற்குத் தெளிந்த நீரையே கேட்கிறார்.

இத்தடைகளையெல்லாம் ஒருவர் நூலால் அன்றிக் கையால் தீர்த்து வைத்தார். ஜலந்தர் மாவட்டத்தில் சீச்சேவால் என்னும் கிராமத்தின் நிர்மல் குடியா ஆசிரமத்தைச் சேர்ந்த துறவியான சந்த் பல்பீர் சிங் சீச்சேவால் 2000-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு சில சீடர்களுடன் வேயீன் நதியில் இறங்கினார். அதற்கு முன்பே சாலையில்லாத கிராமங்களுக்குச் சாலை போட்டு, ‘சாலை பாபா’ என்று பெயர் பெற்றிருந்தவர் அவர். இறங்கிய இடத்தில் மார்பளவு சேறு. கையால் பற்றி இழுத்தாலன்றி வேரோடு வராத ஆகாயத்தாமரை. இக்கொடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கழிவு கலந்த நீரில் இரண்டு வாரங்களில் இருமடங்காகப் பெருகக்கூடியது. இன்று அகற்றிய இடம் அடுத்த அமாவாசைக்குள் மீண்டும் மூடிவிடும். ஆகவே தொண்டர்கள் நாள்தோறும் வர வேண்டியிருந்தது. வந்தார்கள். ஊர் ஊராகச் சென்று விடுத்த அழைப்பை ஏற்று விவசாயிகள் தம் டிராக்டர்களுடன் வந்தனர். பெண்கள் ரொட்டி சுட்டு அனுப்பினர். பின்னர் மண் வெட்டும் இயந்திரங்களும் வந்து சேர்ந்தன.

சீக்கிய மரபில் இதற்கு ‘கார் சேவை’ என்று பெயர். பொது நலனுக்காகக் கூலியின்றிச் செய்யும் கையுழைப்பு அது. அமிர்தசரஸ் பொற்கோயில் திருக்குளத்தில் 1923-ஆம் ஆண்டிலும் 1973-ஆம் ஆண்டிலும் தூர் எடுக்கப்பட்டபோது பல்லாயிரவர் வண்டலைத் தலையில் சுமந்தனர். செல்வரும் ஏழையும் ஒரே வரிசையில் நின்று கூடை மாற்றினர். சந்த் சீச்சேவால் செய்ததில் ஒரு புதுமை மட்டும் உண்டு. கோயிலின் மதிலுக்குள் இருந்த அந்தச் சேவையை மதிலுக்கு வெளியே, யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாரும் அசுத்தம் செய்த நதிக்குக் கொண்டு வந்தார். குளத்துக்கு எல்லை உண்டு. அதற்குப் பூசை செய்வோரும் காப்போரும் உண்டு. 160 கிலோமீட்டர் நதிக்கு யார் காப்பு?

அரசின் கடமையைத் துறவி ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி எழாமல் இருக்காது. கடமை அரசுடையதே. நதியில் நல்ல நீர் ஓடுவதற்கு முக்கேரியான் நீர்மின் கால்வாயிலிருந்து நீர் திறந்துவிட வேண்டியிருந்தது. அதை அரசு ஒன்றே செய்ய முடியும், செய்தது. ஆனால் தாயின் காலில் புண் கண்ட மகன், மருத்துவமனையின் கடமை எது, தன் கடமை எது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பதில்லை. கைக்கு எட்டியதைச் செய்துவிட்டு, எட்டாததற்குக் குரல் கொடுக்கிறான். சேவையின் இலக்கணத்தில் இரண்டும் அடங்கும்.

சேறு அகன்றதும் படுகையில் மூடிக்கிடந்த ஊற்றுகள் சில மீண்டும் கசிந்தன. கரைகளில் மரங்கள் நடப்பட்டன. சுல்தான்பூர் லோதியில் படித்துறைகள் எழுந்தன. ராமேசுவரத்தில் பிறந்த குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கு நேரில் சென்று நதியைக் கண்டு மகிழ்ந்தார். 2017-ஆம் ஆண்டு சந்த் சீச்சேவாலுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2022 முதல் அவர் மாநிலங்களவை உறுப்பினராகவும் பணியாற்றத் தொடங்கினார். சிறப்புகளைச் சொல்ல இவ்வளவு போதும். ஏனெனில் அவருடைய பணியில் மிகவும் அருமையான பகுதி படித்துறையில் இல்லை. அது கிராமத்துக் கழிவுநீர்க் குழியில் உள்ளது.

மேலிருந்து சாக்கடை விழுந்துகொண்டே இருக்கும்போது கீழே சேறு அள்ளுவதால் என்ன பயன்? ‘விடாதீர்கள்’ என்று கிராமத்தாரிடம் சொன்னால், ‘வேறு எங்கே விடுவது?’ என்று அவர்கள் கேட்பது நியாயமே. எனவே சீச்சேவால் கிராமத்தில் ஓர் எளிய முறை அமைக்கப்பட்டது. வீடுகளின் கழிவுநீர் பூமிக்கடியில் குழாய் வழியாக வந்து அடுத்தடுத்த மூன்று கிணறுகளில் இறங்குகிறது. கனமான கசடு அடியில் தங்குகிறது. எண்ணெயும் மிதக்கும் பொருள்களும் மேலே தங்கிவிடுகின்றன. பிறகு அந்நீர் ஒரு குளத்தில் வெயிலும் காற்றும் பட நிற்கிறது. எஞ்சிய அழுக்கை நுண்ணுயிர்கள் உண்டுவிடுகின்றன. இறுதியில் அது வயலுக்குப் பாய்கிறது. கழிவில் இருந்த சத்து பயிருக்கு உரமாகிறது. அந்த அளவுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரும் மிச்சமாகிறது. பஞ்சாபில் பெரும்பாலான வட்டாரங்களில் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படுவதை நினைத்தால் இந்த மிச்சம் அற்பமானதன்று. பிற்காலத்தில் கங்கைக் கரைக் கிராமங்களுக்கும் இம்முறை பரிந்துரைக்கப்பட்டது.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் ஒரு சக்கரத்தைக் கூறுகிறார். உணவும் மழையும் வேள்வியும் செயலும் ஒன்றையொன்று தாங்கிச் சுழலும் சக்கரம் அது. அதைச் சுழல விடாமல், பெற்றதை மட்டும் அனுபவிப்பவனைக் கள்வன் என்னும் கடுஞ்சொல்லால் குறிப்பிடுகிறார். யாககுண்டத்தில் நெய் சொரிவதையே வேள்வி என்று பொருள்கொண்டவர்களுக்கு, வயலிலிருந்து வந்தது வயலுக்கே திரும்பும் இந்த மூன்று கிணறுகளைக் காட்டலாம்.

நதியைத் தூய்மைப்படுத்துவது மனிதன் நீராடுவதற்காக மட்டுமா? கப்பூர்த்தலாவுக்கு அருகே வேயீன் நதியின் குறுக்கே பாசனத்துக்காக 1870-இல் கட்டப்பட்ட சிறு அணையால் காஞ்லி ஈரநிலம் உண்டாயிற்று. 2002-இல் அதுவும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நாணலும் சேறும் சரிவான கரையும் இருந்தால்தான் நீர்ப்பறவைக்கும் ஆமைக்கும் வீடு. வழுவழுப்பான கல் படித்துறை மனிதனுக்கு வசதி. அதில் ஆமை முட்டையிட முடியாது. நதியை அழகுபடுத்துவதாக எண்ணி இரு கரையிலும் சுவர் எழுப்பும் ஆர்வம் இன்று எங்கும் காணப்படுகிறது. சுவருக்கு நடுவே ஓடுவது வாய்க்கால். நதிக்கு அகலவும் சுருங்கவும் இடம் வேண்டும். பியாஸ் நதியில் சிந்து டால்பின்கள் வாழ்கின்றன என்பது 2007-இல் வெளிப்பட்டபோது நிபுணர்களே வியந்தனர். அதுவரை அவை பாகிஸ்தானில் மட்டுமே எஞ்சியிருப்பதாகக் கருதப்பட்டது. பஞ்சாபில் அற்றுப்போன கரியால் முதலைகள் 2017 முதல் மீண்டும் பியாஸில் விடப்பட்டன. அடுத்த ஆண்டு மே மாதத்திலேயே ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து கசிந்த கரும்புப்பாகுக் கழிவு அதே நதியில் கலந்து, கணக்கற்ற மீன்கள் செத்து மிதந்தன. பல ஆண்டு உழைப்பை ஒரே நாளின் அலட்சியம் அழிக்க வல்லது.

பருவநிலை மாற்றம் இந்தப் பணியை மேலும் கடினமாக்கியுள்ளது. இதன் காரணத்தைப் பாமரரும் எளிதில் புரிந்துகொள்ளலாம். மீன் சுவாசிப்பது நீரில் கரைந்த பிராணவாயுவை. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் அது ஏறத்தாழ 9 மில்லிகிராம் வரை கரையும்; 30 டிகிரியில் சுமார் ஏழரை மில்லிகிராம்தான். வெப்பம் ஏற ஏறக் கழிவை உண்ணும் நுண்ணுயிர்களும் வேகமாகப் பெருகி, இருக்கும் பிராணவாயுவையும் தீர்த்துவிடுகின்றன. ஆகவே, குளிர்ந்த நாளில் நதி தாங்கிக்கொள்ளும் அதே அளவு கழிவு, வெப்பமான நாளில் அதைக் கொன்றுவிடும். 2022-ஆம் ஆண்டின் மார்ச் மாதம், 1901 முதலான பதிவுகளில் நம் நாட்டின் மிக வெப்பமான மார்ச்சாக அமைந்தது. பஞ்சாபில் கோதுமை மணி முற்றாமல் சுருங்கியது. கால்வாயில் நீர் குறைந்து வெயில் ஏறும் அத்தகைய நாட்களில், எங்கோ ஓரிடத்தில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடப்படும் கழிவு போதும். தூய்மை செய்யப்பட்ட பின்னரும் வேயீன் நதியில் மீன்கள் செத்து மிதந்ததுண்டு.

மறுபுறம் வெள்ளம். மழை முன்புபோல் பரவலாகப் பெய்யாமல், சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. 2023 ஜூலையில் சட்லஜின் கரைகள் ஜலந்தர் மாவட்டத்தில் உடைந்தன. 2025 ஆகஸ்டில் சட்லஜ், பியாஸ், ராவி மூன்றும் பெருகி, பஞ்சாபின் 23 மாவட்டங்களும் வெள்ளம் பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. சுல்தான்பூர் லோதியை அடுத்த பியாஸ் கரைத் தாழ்நிலமாகிய மண்ட் பகுதியில் நெற்பயிர் முற்றிலும் மூழ்கியது. கூரைகளில் தங்கியிருந்தவர்களுக்குப் படகில் உணவு சென்றது. நதியில் சேறு அள்ளிய அதே தொண்டர்கள் 2023-இல் மண்மூட்டை சுமந்து உடைந்த கரையை அடைத்தனர். 2025-இல் படகு செலுத்தினர். எப்படி இவ்வளவு விரைவாகத் திரண்டார்கள் என்று பலரும் வியந்தனர். இருபது ஆண்டுகளாக ஒரே வரிசையில் நின்று கூடை மாற்றியவர்களுக்கு வரிசையில் நிற்கக் கற்றுத்தர வேண்டியதில்லை.

‘ஒருமுறை தூய்மை செய்துவிட்டோம்’ என்று சொல்லி ஓய்வதற்கு நதி இடம் தருவதில்லை. பயன் கருதாத செயல் என்பதை வகுப்பறையில் விளக்குவது சற்றுக் கடினம். பயனே கருதாவிட்டால் ஒருவன் ஏன் ஊக்கத்துடன் உழைக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆகாயத்தாமரையை அகற்றுபவனுக்கு அது கடினமாக இருப்பதில்லை. அகற்றிய இடம் மீண்டும் மூடும் என்று அறிந்தும் அவன் நாளையும் வருகிறான். வரும்போது சோர்வுடன் வருவதில்லை. மூடிய கொடியைக் கண்டு நேற்றைய உழைப்பு வீண் என்று எண்ணினால் அவன் வருவதையே நிறுத்திவிடுவான். நேற்றைய உழைப்பு ‘என்னுடையது’ என்று பெருமைப்பட்டாலும் நிறுத்திவிடுவான். களஞ்சியத்தில் அளந்துகொண்டிருந்த நானக் ‘தேரா’ என்ற இடத்திலேயே நின்றதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சந்த் சீச்சேவாலும் தொண்டர்களும் லூதியானா நகரில் மற்றொரு நீரோட்டத்தின் கரையில் கார் சேவை தொடங்கினர். அது வேயீனைவிடக் கொடிய நிலையில் இருந்தது. சாயப்பட்டறைகளின் நிறநீரும், மாட்டுப் பண்ணைகளின் சாணமும், நகரின் கழிவும் சேர்ந்து அதைக் கரிய குழம்பாக்கியிருந்தன. அதன் பழைய பெயர் புட்டா தரியா; தரியா என்றால் நதி. அதில் மீன் இருந்த காலத்தில் மக்கள் அப்படித்தான் அழைத்தனர். பிறகு புட்டா நாலா என்று அழைக்கத் தொடங்கினர்; நாலா என்றால் சாக்கடை. பெயர் மாறிய பின்பு அதில் கழிவைக் கொட்ட யாருக்கும் கை கூசவில்லை. தொண்டர்கள் அங்கு முதலில் மீட்க முயன்றவற்றுள் அந்தப் பழைய பெயரும் ஒன்று.

அந்நீர் சட்லஜில் கலந்து, விசுவாமித்திரர் வேண்டி நின்ற அதே இரு நதிகளின் சங்கமமாகிய ஹரிக்கேயை அடைகிறது. அங்கிருந்து தொடங்கும் கால்வாய் ராஜஸ்தானுக்குச் செல்கிறது. அனுமான்கர், பிகானேர், ஜெய்சல்மேர் மாவட்டங்களின் பாலைவனக் கிராமங்களில், லூதியானாவைக் கண்ணால் கண்டிராத பெண்கள் அந்த நீரைத்தான் குடங்களில் நிரப்பி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.